பூனைத் தவமும் பூனைச் சம்பளமும்

வீட்டுப் பூனைக்கு வித்தை பழக்கலாம் என்று சொன்னால் நம்ம ஊரில் இரண்டு பதில்கள் வரும். முதலாவது, "பூனையாவது, சொன்ன பேச்சு கேக்கறதாவது!" பூனை கை கொடுப்பதை நேரில் காட்டிவிட்டால் அடுத்தது வரும். "தீனிக்காகத்தானே செய்யுது? உங்க மேல பாசத்துலயா செய்யுது?"

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று நான் பேச்செடுத்த வீடுகளில் எல்லாம் இந்த இரண்டாவது கேள்வி தவறாமல் வந்தது. நாய் பிஸ்கட்டுக்காக உட்கார்ந்தால் அது புத்திசாலி, விசுவாசி. பூனை ஒரு துண்டு மீனுக்காகக் கை கொடுத்தால் அது காரியவாதி. ஒரே செயல், ஒரே கூலி, பெயர் மட்டும் வேற. இந்தப் பாரபட்சம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு. அதற்கு நம்மிடம் புழங்கும் இரண்டு பூனைக் கதைகளைக் கொஞ்சம் கறாராக வாசிக்க வேண்டியிருக்கிறது. பிறகு ஆய்வுக்கூடத்துப் பூனை ஒன்றையும் பார்க்கலாம்.

மாமல்லபுரத்துப் பூனை

அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரம் போனால் வரும் மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் சொல்லப்படும் அந்தப் பெரிய பாறைச் சிற்பம் எல்லாருக்கும் தெரியும். பல்லவர் காலம், 7-ஆம் நூற்றாண்டு. சுமார் 30 மீட்டர் நீளம். மேலே ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, விலா எலும்பு தெரிய நிற்கும் தவசி. எதிரே வரம் தரும் சிவன். கீழே பெரிய யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை. அதுவும் பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களை அப்படியே மேலே தூக்கி நிற்கிறது. சுற்றிலும் எலிகள்.

வழிகாட்டிகள் இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரவழைக்காமல் நகர மாட்டார்கள். "பாருங்க சார், போலிச் சாமியார்!" இதற்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்படும் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக் கரையில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் இருக்கும். எலிகள் நம்பி அதனிடம் அடைக்கலம் கேட்கும். பூனை அவற்றை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக் கொழுக்கும். துரியோதனன் உலூகனிடம் சொல்லியனுப்பும் செய்தியில், தருமனை ஏசுவதற்காகச் சொல்லப்படும் கதை இது. பஞ்சதந்திரத்தில் முயலுக்கும் பறவைக்கும் நடக்கும் வழக்கில் நீதிபதியாக வரும் பூனையும் இதே வகையறாதான். ஆற்றங்கரையில் தவக்கோலம், வயசாகிவிட்டது காது கேட்கவில்லை என்று சாக்கு, கிட்டே வந்ததும் ஒரே பிடி. மனுநீதி நூலிலேயே போலித் துறவிக்குப் பூனை விரதக்காரன் என்றுதான் பெயர். நம்ம தமிழில் உருத்திராட்சப் பூனை.

இப்போது சிற்பத்தை மறுபடி பார்க்கலாம். மேலே நிற்கும் தவசி எதற்காக நிற்கிறான்? அர்ச்சுனன் என்றால் பாசுபத அஸ்திரத்துக்காக. பகீரதன் என்றால் கங்கைக்காக. ஆக அவனும் சும்மா நிற்கவில்லை. ஒரு கடினமான நிலையில் நின்றால் ஒரு பலன் வரும் என்று தெரிந்தேதான் நிற்கிறான். பலனுக்காகச் செய்வதுதான் போலித்தனம் என்றால் முதல் குற்றவாளி மேலே இருப்பவன். அப்படி யாரும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது.

அப்படியானால் பூனையின் குற்றம் என்ன? கூலி வாங்கியது அல்ல. கூலி கொடுப்பவருக்கே தெரியாமல் கூலி எடுத்தது. எலிகள் பேரம் பேசவில்லை. அவையே விலை என்று அவற்றுக்குத் தெரியாது. அங்கேதான் மோசடி இருக்கிறது. கதை இந்த விஷயத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. நாம்தான் காலப்போக்கில் அதைச் சுருக்கி, 'பூனை சாப்பாட்டுக்காக ஒன்றைச் செய்தால் அது நடிப்பு' என்று ஆக்கிவிட்டோம். வீட்டுக் கூடத்தில், மீன் துண்டு கையில் வைத்திருப்பவரின் கண்ணெதிரே கை கொடுக்கும் பூனையிடம் மோசடி எதுவும் இல்லை. எல்லாக் கணக்கும் வெளியே தெரிகிறது. மாதக் கடைசியில் சம்பளம் வரும் என்பதற்காகக் காலை பத்து மணி மீட்டிங்கில் உட்காரும் என் போன்றவர்கள் அதைக் காரியவாதி என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

தெனாலிராமன் பூனை

இரண்டாவது கதையை நாம் சிரித்துக்கொண்டே கேட்டிருப்போம். கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கு ஒரு பூனையும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் தருகிறார். எல்லாரும் பூனையைக் கொழுகொழு என்று வளர்க்கிறார்கள். ராமன் முதல் நாளே கொதிக்கும் பாலை வைக்கிறான். பூனை வாயைச் சுட்டுக்கொள்கிறது. அதற்குப் பிறகு பாலைக் கண்டாலே ஓடுகிறது. பாலை ராமன் குடும்பம் குடிக்கிறது. சபையில் பூனையைக் கொண்டு வரச் சொன்னால் எலும்பும் தோலுமாய் வந்து நிற்கிறது. பால் கிண்ணத்தைக் காட்டினதும் ஒரே ஓட்டம். முடிவு புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். சிலதில் ராயர் கோபிக்கிறார், சிலதில் சிரிக்கிறார்.

கவனித்துப் பார்த்தால் இது ஒரு பூனை பழக்கும் கதை. அதுவும் தொழில்நுட்ப ரீதியில் மிகச் சரியான கதை. ஒரே ஒரு தடவை, கடுமையான வலி, அதற்கு முன் தெளிவாகத் தெரியும் ஓர் அடையாளம். அவ்வளவுதான், பாடம் ஆயுசுக்கும் பதிந்துவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று நம்ம பழமொழியே இதைச் சொல்கிறது. தெனாலிராமன் ஒரு வித்தையை வெற்றிகரமாகப் பழக்கி, அதை அரச சபையில் அரங்கேற்றியும் விட்டான்.

என் விமர்சனம் கதையின் சிரிப்பு யார் பக்கம் நிற்கிறது என்பதில். ராயர் ஏமாந்தார், ராமன் ஜெயித்தான், நாம் ராமன் பக்கம். வாய் வெந்த பூனை ஒரு கருவியாக மட்டும் வந்து போகிறது. 'பூனை பாலை வெறுக்கிறது' என்பது சபையில் ஓர் அதிசயமாகக் காட்டப்படுகிறது. அந்த வெறுப்பு எப்படி உண்டானது என்பது நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், சமையல் மேடையில் ஏறும் பூனை மேல் தண்ணீர் அடிப்பதையும் மூக்கில் சுண்டுவதையும் 'பழக்குவது' என்றே சொல்கிறோம். அதுவும் வேலை செய்யும். ஆனால் பூனை கற்றுக்கொள்வது 'மேடையில் ஏறாதே' என்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'இந்த ஆள் இருக்கும்போது ஏறாதே' என்பதாகவும், 'இந்த ஆளிடம் போகாதே' என்பதாகவும் இருக்கலாம். ராமனின் பூனையே அதற்குச் சாட்சி. அது சூடான பாலை மட்டும் தவிர்க்கவில்லை, பால் என்பதையே விட்டுவிட்டது. தண்டனையின் எல்லையைத் தண்டிப்பவர் தீர்மானிப்பதில்லை.

பெட்டிக்குள் பூனை

இனி ஆய்வுக்கூடம். 1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் ஆய்வேட்டை வெளியிட்டார். மரச் சட்டங்களால் ஆன பெட்டி. உள்ளே பசித்த பூனை, வெளியே மீன். கயிற்றை இழுத்தாலோ கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். முதல் தடவை பூனை பிறாண்டி, கடித்து, மோதி, தற்செயலாக வெளியே வரும். திரும்பத் திரும்பப் போட்டால் நேரம் குறைந்துகொண்டே வரும். வெகுமதி கிடைத்த செயல் நிலைக்கிறது, கிடைக்காதது உதிர்கிறது என்ற விதியை அவர் இதிலிருந்துதான் எடுத்தார். இன்றைக்கு நாய்க்கும் டால்ஃபினுக்கும் சொல்லப்படும் பயிற்சி முறைகள் எல்லாவற்றின் அடியிலும் இந்தப் பூனைகள் இருக்கின்றன. பூனைக்கு எதையும் பழக்க முடியாது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த ஆய்வில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். ஒன்று, பூனையின் பாதத்தைப் பிடித்து அந்தச் செயலைச் செய்ய வைத்துப் பார்த்தார். பலனில்லை. நம்மில் பலரும் பூனைக்குக் கை கொடுக்கச் சொல்லித்தர அதன் காலைப் பிடித்து ஆட்டுவோம் இல்லையா, அது 125 வருஷம் முன்பே தோற்றுப்போன முறை.

இரண்டாவது இன்னும் சுவையானது. ஒரு பெட்டியில் கயிறு, கட்டை எதுவும் இல்லை. பூனை தன்னை நக்கிக்கொண்டாலோ சொறிந்துகொண்டாலோ அவரே கதவைத் திறந்துவிடுவார். பூனைகள் கற்றுக்கொண்டன. ஆனால் போகப்போக அந்த நக்கல் தேய்ந்துபோனது. கடைசியில் நக்குவது போல ஒரு சின்ன அசைவு மட்டும், சடங்கு மாதிரி. கதவு திறந்தது, பூனை போய்விட்டது. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது புதிதே அல்ல. எதை அளக்கிறோமோ அது கிடைக்கும், அதன் மிகக் குறைந்த வடிவில் கிடைக்கும்.

இது ஒருவகையில் மாமல்லபுரத்துக்குத் திரும்பும் விஷயம். உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளிக்கோலம் மட்டும் மிஞ்சுவதைத்தானே பூனை விரதம் என்கிறோம்? ஆனால் இங்கே அந்தக் கோலத்தை உண்டாக்கியது பூனையின் கபடம் அல்ல, கூலி கொடுத்தவரின் கணக்கு. உடம்பு அரித்தால் சொறிய வேண்டியதை, கதவு திறக்க விலையாக வைத்தவர் அவர்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடந்தது. 1946-இல் கத்ரி, ஹார்ட்டன் என்ற இருவர் பெட்டிக்குள் ஒரு கம்பத்தை நட்டு, அதைப் பூனை எந்த விதத்தில் அசைத்தாலும் கதவு திறக்கும்படி வைத்தார்கள். நூற்றுக்கணக்கான முறை. பூனைகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரே மாதிரி அசைவில் கம்பத்தை உரசின. ஆஹா, கற்றல் என்பது இப்படித்தான் நடக்கிறது என்று ஒரு கொள்கையே எழுந்தது. 1979-இல் மூர், ஸ்டட்டார்ட் என்ற இருவர் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள், கதவும் தீனியும் இல்லாமல். பூனைகள் அப்போதும் உரசின. எதிரே மனிதர் தெரிந்தால் உரசின, யாரும் தெரியாவிட்டால் உரசவில்லை. அதாவது அது வித்தையே இல்லை. வாலைத் தூக்கிக்கொண்டு நம் காலில் உரசுமே, அந்த வணக்கம். கிட்டே வர முடியாததால் கம்பத்துக்குச் சொன்னது. 33 வருஷம் அந்த வணக்கத்தைப் பாடம் என்று படித்தோம்.

நம்ம ஊர்க்காரர்கள் அன்பைக் கணக்கில் எடுக்காமல் எல்லாம் தீனிக்குத்தான் என்கிறார்கள். அந்த விஞ்ஞானிகளும் அதையேதான் செய்தார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லை.

எது வரும், எது வராது

அப்படியென்றால் தீனி என்னதான் செய்கிறது? 2017-இல் அமெரிக்காவில் கோகன் என்பவரும் உடன் இருந்தவர்களும் காப்பகத்துப் பூனைகள் 100-க்கு கிளிக்கர் முறையில் பயிற்சி கொடுத்தார்கள். கிளிக்கர் என்பது 'டிக்' என்று சத்தம் போடும் சின்னக் கருவி. சரியாகச் செய்த அந்த நொடியில் டிக், உடனே தீனி. ஐந்து நிமிஷ வகுப்பு, இரண்டு வாரத்தில் 15 தடவை. குச்சி நுனியை மூக்கால் தொடுவதை 79 சதவீதம் பூனைகள் கற்றன. சுற்றி வருவதை 60 சதவீதம். கை தட்டுவதை 31 சதவீதம். உட்காருவதை 27 சதவீதம்தான்.

நாய்க்கு முதல் பாடமான 'உட்கார்' பூனைக்குக் கடைசிப் பாடமாக இருப்பதைப் பாருங்கள். காரணம் என்று நான் நினைப்பது இது. மூக்கெதிரே எதை நீட்டினாலும் பூனை முகரும். அதனால் குச்சியைத் தொடுவது ஏற்கெனவே அதனிடம் இருக்கும் செயல். தீனி அதற்கு விலை மட்டும் வைக்கிறது. உட்காரவைக்க என்ன செய்வோம்? தீனியைத் தலைக்கு மேல் தூக்குவோம். நாய் அண்ணாந்து பார்த்து உட்காரும். பூனை பல சமயம் பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களை மேலே நீட்டி அதைப் பிடிக்கப் பார்க்கும். அதேதான், மாமல்லபுரத்துப் போஸ். அந்தச் சிற்பி புராணம் மட்டும் கேட்டு உளி எடுத்தவர் இல்லை, பூனையைப் பார்த்தவர் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆக, தீனி பூனைக்குள் புதிதாக எதையும் போடுவதில்லை. இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'இது எனக்குப் பிடிச்சிருக்கு' என்று சொல்கிறது. எங்கள் வீட்டுப் பூனை கதவுப் பிடியைத் தட்டும் பழக்கமுள்ளது. அதற்குக் கை கொடுப்பது நான்கு நாளில் வந்தது. படுக்கச் சொன்னால் இன்றுவரை எழுந்து போய்விடும். எழுந்து போவதும் ஒரு பதில்தான். அதை மதிக்கத் தெரியாதவர்கள் பூனை பழக்க வராமல் இருப்பதே நல்லது.

கூலியாக எதைக் கொடுப்பது?

விவரம் தெரியாமல் நாம் தப்பு செய்யும் இடம் இதுதான். தெனாலிராமன் கதை முதல் குழந்தைப் பாட்டுப் புத்தகம் வரை பூனை என்றால் பால். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சரியாகச் செரிக்காது, வயிற்றுப்போக்கில் முடியும். இனிப்பு இன்னும் வீண். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது; அந்தச் சுவைக்கான மரபணு அதில் செயலிழந்திருப்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். மைசூர்பாகைக் காட்டி எந்த வித்தையும் வாங்க முடியாது.

மயிலாப்பூர்ப் பக்கம் சைவ வீடுகளில் பூனைக்குத் தயிர்சாதமே மூன்று வேளையும் நடக்கிறது. பாசத்தோடுதான் வைக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்து கட்டாயம் வேண்டும். அது மாமிசத்திலும் மீனிலும்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும் என்பது 1970-களிலும் 80-களிலும் நிரூபணமான விஷயம். வீட்டில் மீன் சமைக்க முடியாதவர்கள், டாரின் சேர்த்த பூனை உணவையாவது வாங்கி வைப்பதுதான் நியாயம். மற்றவர்களுக்குப் பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கத்தில் கிடைக்கும் மீனில் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, மிளகு அளவுத் துண்டுகள் போதும். கருவாடு வேண்டாம், அவ்வளவு உப்பு ஆகாது.

இன்னொன்று. 'பட்டினி போட்டா தானா கத்துக்கும்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தார்ன்டைக் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். வீட்டில் அதைச் செய்யவே கூடாது. சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், ஐந்து நிமிஷம். அவ்வளவு பசியே போதும். நாள் முழுக்கக் கிண்ணம் நிறைந்திருந்தால் எந்தப் பூனையும் உழைக்க வராது என்பதும் உண்மைதான். கலிபோர்னியாவில் 17 வீட்டுப் பூனைகளை வைத்துப் பார்த்ததில், சும்மா கிடைக்கும் தட்டையும் மெனக்கெட்டு எடுக்க வேண்டிய தட்டையும் பக்கத்தில் வைத்தால், பெரும்பாலானவை சும்மா கிடைத்த தட்டுக்கே போயின. இதற்காகப் பூனையைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓர் ஆட்சேபம்

விலங்குநேயர்கள் சிலர் வேறு பக்கமிருந்து கேட்கிறார்கள். வித்தை என்பதே அவமானம் இல்லையா? சர்க்கஸ் கூடாரத்தை விட்டு இப்போதுதானே வெளியே வந்தோம்? நியாயமான கேள்வி. இதற்கு அடையாறிலேயே ஒரு முன்கதை இருக்கிறது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக எடுத்த முயற்சியின் விளைவுதான் 1960-இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டத்தில் வித்தை காட்டும் விலங்குகளுக்குத் தனி அத்தியாயமே உண்டு. அது பதிவு கேட்பது, டிக்கெட் வாங்கி மக்கள் பார்க்கும் காட்சிக்கு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் போன்றவற்றைக் காட்சிக்குப் பழக்கவே கூடாது என்று பின்னால் தடையும் வந்தது.

சட்டம் கேட்பது, யாருக்காக இந்த வித்தை, யார் கையில் லாபம் என்பதை. வீட்டுக்குள்ளும் அதே கேள்வியைக் கேட்கலாம். கேமராவுக்காகப் பூனையை எட்டாவது டேக் எடுக்கும்போது அது வேறு கணக்கு. எலிகளுக்குத் தெரியாமல் எலிகளைத் தின்றது போல, பூனைக்குத் தெரியாத ஒரு லாபம் அங்கே நுழைந்துவிடுகிறது. அப்போது உருத்திராட்சம் நம் கழுத்தில்தான்.

கடைசியாக ஒரு தகவல். 2017-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 38 பூனைகளுக்கு உணவு, பொம்மை, வாசனை, மனிதத் துணை என்று நான்கையும் வைத்து எதைத் தேர்ந்தெடுக்கும் என்று பார்த்தார்கள். 37 சதவீதம் உணவுக்குப் போயின. சரியாகப் பாதி, மனிதரிடம் வந்தன. "பாசத்துலயா செய்யுது?" என்று அடுத்த முறை யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: பாசமும் இருக்கலாம், சம்பளமும் வாங்கலாம். நாமெல்லாம் அப்படித்தானே வேலைக்குப் போகிறோம்.